மனசு வரட்டும்னு காத்திருக்காதே, தங்கச்சி!

"எடையைக் குறைக்கணும்னு ஆசை இருக்குக்கா. ஆனா எழுந்து நடக்க மனசே வர மாட்டேங்குது."

இதைச் சொல்லாத தங்கச்சி எனக்கு இல்லை. சித்தி மகள், நாத்தனார், ஆபீஸ்ல பக்கத்து சீட்டுல உட்கார்ற பொண்ணுன்னு எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. சொல்லும்போது குரலும் தாழ்ந்துபோகுது, ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி. அந்தக் கூச்சத்தை முதல்ல இறக்கி வை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள்ல நூத்துக்கு 40 பேருக்கு எடை அதிகம். அதுக்கு முந்தின 2015-16 கணக்கெடுப்புல இது 31 பேர். நாலஞ்சு வருஷத்துல இத்தனை பேரும் திடீர்னு சோம்பேறி ஆயிட முடியாது. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை, வாசலுக்கே வர்ற பார்சல் சாப்பாடு, ராத்திரி பத்து மணிக்கு மேல முடியற அடுப்படின்னு நம்ம நாளோட அமைப்பே மாறிப்போச்சு. உன் குணத்துல எந்தக் கோளாறும் இல்லை.

இப்ப விஷயத்துக்கு வரேன். மனசு வந்த பிறகு நடக்கப் போகலாம்னு நினைக்கிற பாரு, அங்கதான் எல்லாம் நின்னு போகுது. நடக்க ஆரம்பிச்ச பிறகுதான் மனசு வரும். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லலை. பிரிட்டன்ல 248 மாணவர்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2002-ல வெளியிட்டாங்க. அவங்களை மூணு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு ஒண்ணும் சொல்லலை. இரண்டாவது குழுவுக்கு, உடற்பயிற்சி பண்ணலைன்னா இதயம் என்ன ஆகும்னு படிக்கக் கொடுத்தாங்க. மூணாவது குழுவுக்கும் அதையே கொடுத்து, கூடவே எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்துல பயிற்சி பண்ணப் போறீங்கன்னு எழுதச் சொன்னாங்க. முதல் குழுவுல நூத்துக்கு 38 பேர் பயிற்சி பண்ணினாங்க. இதய நோயைப் பத்திப் படிச்ச குழுவுல 35 பேர்தான். எழுதி வச்ச குழுவுல 91 பேர். படிச்சவங்களுக்கு ஆசை கூடுச்சு, ஆனா கால் நகரலை. யூடியூப்ல எத்தனை ஊக்க வீடியோ பார்த்தாலும் மறுநாள் காலையில எழுந்திருக்க முடியாமப் போறதுக்குக் காரணம் இதுதான்.

அதனால ஒரு தாள் எடு. "நாளையிலிருந்து தினமும் நடப்பேன்"னு எழுதாதே, அது வெறும் ஆசை. "பாப்பாவை ஸ்கூல் வேன்ல ஏத்தின உடனே, பிள்ளையார் கோயில் முனையிலிருந்து தண்ணி டேங்க் வரைக்கும் போய்த் திரும்புவேன்"னு எழுது. நாள், நேரம், இடம் மூணும் அதுல இருக்கணும்.

ஏன் வேன் நேரத்தைச் சொல்றேன் தெரியுமா? விடியற்காலை அஞ்சு மணிக்கு எழுந்து நட, எட்டு மணிக்கு நீ வேற ஆளா இருப்பேன்னு ஊரெல்லாம் சொல்வாங்க. டிபன் பாக்ஸ் கட்டுற வீட்டுல அஞ்சு மணிங்கிறது உன் நேரமே இல்லை. இட்லிக் குண்டான் அடுப்புல ஏறுற நேரம். மத்திய அரசு 2019-ல எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யற இந்தியப் பெண்கள் அதுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செலவழிக்கிறாங்கன்னு வந்துச்சு. அந்த வேலையைச் செய்யற ஆண்களுக்கு 97 நிமிஷம். இந்தக் கணக்குக்குள்ள ஒரு நடையை நுழைக்கணும்னா தூக்கத்தை வெட்டாதே. தூக்கம் குறைஞ்சா பசி கூடும், அடுத்த நாள் சாயந்திரம் மிக்சர் டப்பாவைத்தான் தேடுவே. ஏற்கெனவே நீ வீட்டை விட்டு வெளியே வந்து நிக்கிற நேரம் ஒண்ணு இருக்கும், அதைப் பிடி.

வேன் போனதும் வீட்டுக்குள்ள போகக் கூடாது. உள்ளே காலை வச்சிட்டா சிங்க்ல கிடக்கிற பாத்திரம் கூப்பிடும், வாஷிங் மெஷின் கூப்பிடும், ஒரு நிமிஷம் உட்கார்ந்தா ஃபோன் கைக்கு வந்துடும், அப்புறம் மணி பதினொண்ணு. அதனால வேனுக்குப் போகும்போதே ஷூ போட்டுக்கோ. கேஸை மூடிட்டு, கதவைப் பூட்டி, சாவியைக் கையில எடுத்துட்டே கிளம்பு. செருப்போட நடக்காதே, குதிகால் வலி வந்தா அதுவே நின்னுபோறதுக்கு ஒரு சாக்கு ஆயிடும். நடைக்குன்னு தனி உடை வாங்கற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், வீட்டுல போடற பருத்திச் சுடிதாரே போதும்.

வேலைக்குப் போற பொண்ணா? ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கு. பிள்ளையை டியூஷன்ல விட்டுட்டு ஸ்கூட்டர்லயே உட்கார்ந்து காத்திருப்பியே, அந்த அரை மணி நேரம் முழுக்க உன்னுது. அதுவும் இல்லைன்னா சாயந்திரம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போவியே, அங்கேயே பத்து நிமிஷம் சுத்திட்டு அப்புறம் துணியை எடு.

பத்து நிமிஷம் நடந்தா என்ன ஆகும்னு கேட்காதே. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷ மிதமான பயிற்சி வேணும்னு சொல்லுது. முன்னாடி, தொடர்ந்து பத்து நிமிஷமாவது பண்ணினாத்தான் கணக்குன்னு ஒரு விதி இருந்துச்சு. 2020 வழிகாட்டுதல்ல அந்த விதியை எடுத்துட்டாங்க. துண்டு துண்டா நடந்தாலும் சேரும். பத்தாயிரம் அடிங்கிற கணக்கைப் பார்த்தும் மலைச்சுப்போகாதே. 1965-ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியோட விளம்பரத்துல இருந்து பரவின எண் அது. வயசான பெண்களை வச்சு அமெரிக்காவுல 2019-ல வெளிவந்த ஆய்வுல, நாளைக்கு 4,400 அடி நடந்தவங்களுக்கே ரொம்பக் குறைவா நடந்தவங்களைவிட இறப்பு ஆபத்து குறைவா இருந்துச்சு. 7,500 அடிக்கு மேல அந்தப் பலன் கூடிக்கிட்டே போகலை.

முதல் ரெண்டு வாரத்துக்கு வேகம், தூரம், வியர்வை எதையும் பார்க்காதே. கிளம்பினியா, அது போதும். மூணாவது வாரம் அஞ்சு நிமிஷம் கூட்டு. அப்புறம் வேகத்தைக் கூட்டலாம். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினா வேகம் சரின்னு அர்த்தம்.

பாட்டு, கதை, தோழியோட அரட்டைன்னு உனக்குப் பிடிச்ச ஒண்ணை நடைக்குன்னே ஒதுக்கி வை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல, விறுவிறுப்பான ஒலிப்புத்தகத்தை ஜிம்ல மட்டுமே கேட்க முடியற மாதிரி பண்ணிப் பார்த்தாங்க. அப்படிப் பண்ணினவங்க ஆரம்பத்துல மத்தவங்களைவிட 51 சதவீதம் அதிகமா ஜிம்முக்கு வந்தாங்க. லீவு வந்ததும் அந்த வேகம் தணிஞ்சுபோனதும் உண்மை. அதனால தீபாவளி, பொங்கல், சொந்தக்காரங்க கல்யாணம் முடிஞ்சதும் திரும்பப் புதுசா ஆரம்பிக்கணும்னு இப்பவே மனசுல குறிச்சுக்கோ. 'பொன்னியின் செல்வன்' ஒலிப்புத்தகமா கிடைக்குது, அஞ்சு பாகம், மாசக்கணக்கா ஓடும். வீட்டுக்குள்ள வந்ததும் நிறுத்திடு. அடுத்த அத்தியாயம் வேணும்னா நாளைக்கு நடக்கணும். ஆனா ரோட்டுல நடந்தா ஒரு காதுல மட்டும் மாட்டிக்கோ, பின்னாடி வர்ற வண்டிச் சத்தம் கேட்கணும்.

ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா எல்லாம் போச்சுன்னு நினைக்கிற பழக்கம் நம்மள்ல நிறையப் பேருக்கு இருக்கு. லண்டன்ல 2010-ல வந்த ஆய்வுல, ஒரு புதுப் பழக்கம் தானா வர்றதுக்குச் சிலருக்கு 18 நாள் ஆச்சு, சிலருக்கு 254 நாள் வரைக்கும் ஆகும்னு கணக்கு வந்துச்சு. நடு அளவு 66 நாள். இடையில ஒரு நாள் விட்டதால பழக்கம் உருவாகறது கெடலைன்னும் அதுலயே தெரிஞ்சது. மாதவிடாய் வலியா, படுத்துக்கோ. குழந்தைக்குக் காய்ச்சலா, கூட இரு. தொடர்ந்து ரெண்டு நாள் விடாம மட்டும் பார்த்துக்கோ. இது என் சொந்த விதி, நல்லா வேலை செய்யற விதி.

எடை மெஷின் பத்தி

இதை ரொம்பக் கவனமாக் கேளு, ஏன்னா ஆரம்பிச்ச பொண்ணுங்க பாதிப் பேர் நிறுத்தறது இங்கதான். 65 கிலோ இருக்கிற ஒருத்தி அரை மணி நேரம் விறுவிறுன்னு நடந்தா ஏறத்தாழ 120 கலோரி செலவாகும். அது கிட்டத்தட்ட ஒரு மெதுவடை. உடம்புல ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. கணக்குப் போட்டுப் பாரு, நடையை மட்டும் நம்பி மாசக் கடைசியில மெஷின்ல ஏறினா ஏமாற்றம்தான் வரும். எடை குறையறது பெரும்பாலும் தட்டுல நடக்கிற வேலை. சாதத்தைக் குறைச்சு, காயையும் பருப்பையும் கூட்டி, டீயில சர்க்கரையை விட்டா முள் நகரும்.

அப்படின்னா எதுக்கு நடக்கணும்? சாப்பாட்டை மட்டும் குறைச்சா கொழுப்போட சேர்ந்து தசையும் கரையும். பயிற்சி அந்தத் தசையைக் காப்பாத்தும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைஞ்சு நிமிஷம் நடந்தா ரத்தச் சர்க்கரை ஏறுற வேகம் தணியும். எல்லாத்துக்கும் மேல, குறைஞ்ச எடை திரும்ப ஏறாம நிக்கறதுக்குப் பயிற்சி வேணும். நிறைய எடை குறைச்சு, அதை வருஷக்கணக்கா தக்க வச்சவங்களை அமெரிக்காவுல 1994-லிருந்து ஒரு பதிவேட்டுல சேர்த்துட்டு வர்றாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க தினமும் உடம்புக்கு வேலை கொடுக்கிறவங்க. அதிகம் பேர் பண்றது நடைதான்.

அதனால நடையோட பலனை மெஷின்ல தேடாதே. வாரத்துக்கு ஒரு நாள், காலையில வெறும் வயித்துல எடை பாரு, அவ்வளவு போதும். மாதவிடாய்க்கு முன்னாடி உடம்புல நீர் கோத்து ஒரு கிலோ கூடத் தெரியும், பயப்படாதே. அதோட தையல் பெட்டியில இருக்கிற இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பைச் சுத்தி அளந்து தேதியோட எழுதி வை. நம்ம ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்னு மருத்துவர்கள் சொல்றாங்க, அதாவது ஏறத்தாழ முப்பத்தொன்றரை அங்குலம். ரெண்டாவது மாடி ஏறும்போது மூச்சு எப்படி இருக்கு, ராத்திரி படுத்ததும் தூக்கம் வருதா, இதையும் கவனி. இடுப்பு குறையறதுக்கு முன்னாடியே இந்த ரெண்டும் மாறும்.

முட்டி வலிக்குதுன்னு உட்கார்ந்துட்ட தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. முட்டித் தேய்மானம் இருக்கிறவங்களை வச்சு 2005-ல வந்த ஆய்வுல, ஒரு கிலோ எடை குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழற பாரம் நாலு கிலோ குறையுதுன்னு பார்த்தாங்க. மூணு கிலோ குறைச்சாலே உனக்கு வித்தியாசம் தெரியும். அதுவரைக்கும் ஸ்கிப்பிங், குதிக்கிற டான்ஸ் வேண்டாம். சாப்பாட்டு மேசை நாற்காலியில கையை ஊனாம எழுந்து உட்காரு, பத்து தடவை. சுவர்ல ரெண்டு கையையும் ஊனிச் சாய்ஞ்சு, தள்ளி நிமிர்ந்து வா, பத்து தடவை. குக்கர்ல விசில் வர்றதுக்குள்ள முடிஞ்சுடும். வாரத்துக்கு ரெண்டு நாள் பண்ணினா தொடைத் தசை வலுவாகி முட்டியைத் தாங்கும்.

ஊர்க் கண்ணும் வீட்டுக் கையும்

"என்ன, டயட்டா? ஒண்ணும் குறைஞ்ச மாதிரி தெரியலையே"ன்னு தெருவுல கேட்பாங்க. "சுகர் வராம இருக்க நடக்கிறேன் அத்தை"ன்னு சொல்லிட்டு நடந்துட்டே இரு. எடை குறைக்கிறேன்னு சொன்னா தினமும் அளந்து பார்ப்பாங்க. சுகர்னு சொன்னா பாதிப் பேர் கூட நடக்க வருவாங்க. அப்படி ஒருத்தி கிடைச்சா விடாதே. முனையில ஒருத்தி காத்துட்டு நிக்கிறாங்கிறது, எந்த அலாரத்தைவிடவும் பலமா உன்னை எழுப்பும். தெரு சரியில்லைன்னா மாநகராட்சிப் பூங்காவுக்குப் போ. அங்க காலையில நடக்கிற பெண்கள் நிறையப் பேர் இருப்பாங்க, யாரும் யாரையும் பார்க்கிறதில்லை. தமிழக அரசு 2023 நவம்பர்ல 'நடப்போம் நலம் பெறுவோம்'னு மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அறிவிச்சிருக்கு. எட்டு முழுசா வேண்டாம், ஒண்ணு நடந்துட்டு வா.

வீட்டுல உதவி கேட்கும்போது பொதுவா கேட்காதே. "எனக்குக் கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க"ன்னா யாருக்கும் காதுல விழாது. "செவ்வாய், வியாழன், சனி சாயந்திரம் ஆறுலிருந்து ஆறரை வரைக்கும் பிள்ளையை நீங்க பார்த்துக்கணும்"னு வீட்டுக்காரர்கிட்ட நேராச் சொல்லு. அது கேட்டு வாங்க வேண்டிய தயவு இல்லை, உன் உடம்புக்கான நேரம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிபி, சுகர் பார்த்துடு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பார்ப்பாங்க. மாதவிடாய் ஒழுங்கா வரலை, காரணமில்லாம எடை ஏறுதுன்னா தைராய்டும் பார்க்கச் சொல்லு. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க கையில ரெண்டு மிட்டாய் வச்சுக்கணும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ தலை சுத்தினாலோ அங்கேயே உட்காரு, அன்னைக்கே டாக்டரைப் பாரு. சித்திரை, வைகாசி வெயில்ல காலை ஏழரைக்கு மேல வெளியே நடக்காதே, சாயந்திரம் நட. ஐப்பசி மழைக்கு வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடக்கலாம், அதுவும் கணக்குதான்.

இதைப் படிச்சு முடிச்சதும் ஃபோனை வச்சுட்டு ஒரு தாள் எடு, தங்கச்சி. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம்னு ஒரே வரியில எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டு. நடை நேரத்தைப் பத்து நிமிஷத்துக்கு மேல போடாதே. ஷூவை இன்னைக்கு ராத்திரியே வாசல் கதவு பக்கத்துல எடுத்து வச்சுடு.