முகத்தில் தோல் புற்றுநோய்: முதலில் அகற்றல், பின்னர் சீரமைப்பு

மூக்கின் மேல் மினுமினுப்பான ஒரு கரும்புள்ளி. வலி இல்லை. அவ்வப்போது பொருக்குத் தட்டி உதிரும். சிறிது இரத்தம் கசியும். மீண்டும் பொருக்குத் தட்டும். முகத்தில் தோன்றும் 'பேசல் செல் கார்சினோமா' என்னும் தோல் புற்றுநோய் பெரும்பாலும் இவ்வாறே தொடங்குகிறது. நம் நிறத்தோரின் தோலில் இது கருமையாகத் தெரிவதால், மச்சம் என எண்ணிப் பலரும் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகின்றனர். இந்நோய் உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆயினும், இருக்கும் இடத்திலேயே ஆழமாக ஊடுருவிக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கக்கூடியது. ஆகவே, நான்கு வாரங்களாகியும் ஆறாத புண்ணைக் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

"சிறிய கட்டிக்கு இவ்வளவு பெரிய காயமா?" என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. கட்டியின் விளிம்புக்கு அப்பாலும் கண்ணுக்குப் புலப்படாத நோய்ச் செல்கள் இருக்கலாம். எனவே, ஆபத்துக் குறைந்த கட்டிக்கும் சுற்றிலும் ஏறத்தாழ 4 மி.மீ. நல்ல தோலைச் சேர்த்தே அகற்றுகிறோம். அதனால் 10 மி.மீ. கட்டிக்கு 18 மி.மீ. அகலக் காயம் ஏற்படுகிறது. அகற்றிய திசுவின் ஓரங்களில் நோய் இல்லை என்று நுண்ணோக்கிப் பரிசோதனை உறுதிசெய்த பின்னரே பெரிய சீரமைப்பைத் தொடங்குகிறோம். எஞ்சிய நோயின் மேல் அழகிய தோலைப் போர்த்துவது, நோயை மறைத்து வளர்ப்பதாகும்.

சிறிய காயத்தை, முகச் சுருக்கக் கோடுகளை ஒட்டித் தைத்துவிடலாம். சிலருக்குக் காதருகிலிருந்து தோல் எடுத்து ஒட்டுகிறோம். மூக்கின் பெரும்பகுதி இழக்கப்பட்டால் நெற்றித் தோலை மடலாகத் திருப்பி மூக்கை அமைக்கிறோம். இது நம் நாட்டில் தொன்றுதொட்டு வழங்கிய முறை. புனேயில் நடந்த இத்தகைய சிகிச்சை குறித்து லண்டன் இதழொன்று 1794-இல் வெளியிட்ட செய்தி, ஐரோப்பிய மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது.

இம்மடல் ஏறத்தாழ மூன்று வாரங்கள் புருவத்திலிருந்து மூக்குவரை ஒரு தண்டுபோல் தெரியும். இதைக் கண்டு கலங்க வேண்டாம். மூக்கில் புதிய இரத்த நாளங்கள் உருவாகும் வரை மடலுக்கு உயிரூட்டுவது அத்தண்டே. அதன் பின்னர் அதைத் துண்டித்துவிடுவோம். அதுவரை மூக்குக்கண்ணாடி அதை அழுத்தலாகாது. பீடி, சிகரெட் புகை இரத்த நாளங்களைச் சுருக்கும். அறவே தவிர்க்க வேண்டும். மடல் நீலம் அல்லது கருமை அடைந்தாலோ, இரத்தக் கசிவு நிற்காவிட்டாலோ அன்றே வந்துவிடுங்கள்.

தழும்பு முதிர்ந்து மங்க ஓராண்டு ஆகலாம். ஒருமுறை இந்நோய் வந்தவருக்கு வேறிடத்தில் மீண்டும் வரக்கூடும் என்பதால், குடையும் தொப்பியும் வழக்கமாகட்டும், மறுபரிசோதனை தவறாதிருக்கட்டும்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: கட்டுப் பிரித்தபின் நோயாளி முதன்முறை கண்ணாடி பார்க்கும்போது அருகில் இருங்கள். அப்போது காணும் முகம் இறுதியானதன்று என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.