அலுமினியத் தாள்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும், பண்ணுருட்டியிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது வடலூர். இராமலிங்க அடிகளார் 1867ஆம் ஆண்டில் நிறுவிய தருமச்சாலையால் புகழ்பெற்ற ஊர் அது. அதனையடுத்து நெய்வேலி நகரியம் பரந்து கிடக்கிறது. அங்கே பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுத்து மின்சாரம் ஆக்குவதற்கென 1956இல் ஒரு நிறுவனம் தோன்றியது. 1962இல் மின்னாக்கம் தொடங்கியது. அன்று தொடங்கிய முதல் அனல் மின்நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. பின்னர் எழுந்த நிலையங்கள் பணிபுரிந்து வருகின்றன. வடலூரிலும் நெய்வேலியிலும் உள்ள அடுக்களைகளில், உணவு பொதிவதற்கென வாங்கி வைத்த ஒரு வெண்ணிறச் சுருளைக் காணலாம். அச்சுருள் அங்குச் செய்யப்படுவதன்று. எனினும், நெய்வேலியார் நாளும் ஆக்கும் மின்சாரத்திற்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

அச்சுருளைச் சிலர் ஈயத்தாள் என்பர். சிலர் வெள்ளித்தாள் என்பர். அஃது ஈயமும் அன்று, வெள்ளியும் அன்று; அலுமினியம். முற்காலத்தில் வெள்ளீயத்தைத் தகடாக்கிப் பண்டங்களைப் பொதிந்தனர். 1910ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டில் அலுமினியத்தை உருளைகளுக்கிடையே செலுத்தித் தாளாக்கும் தொழில் தொடங்கவே, வெள்ளீயத் தாள் மெல்ல மறைந்தது. பொருள் போன பின்னும் பெயர் போகவில்லை. அலுமினியப் பானையையும் ஈயப்பானை என்றே வழங்கும் வீடுகள் தமிழ்நாட்டில் பலவாம். சொல் பிழைபட்டால் என்ன என்று கேட்கலாம். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்துப் பழகிய கை, அப்பெயரை நம்பி அலுமினியத்திலும் அதனை வைத்துவிடும். அதனால் வரும் கேடு பின்னர்க் கூறப்படும்.

அலுமினியம் மண்ணில் மிகுதியாக உண்டு. ஆயினும் தனித்துக் கிடைப்பதில்லை. உயிர்வளியோடு இறுகப் பிணைந்து கிடக்கும் அதனைப் பிரித்தல் அரிது. அதனால் ஒரு காலத்தில் அதன் விலை வெள்ளியின் விலைக்கு நிகராக இருந்தது. 1884இல் அமெரிக்க நாட்டின் வாசிங்டன் நினைவுத் தூண் முற்றுப்பெற்றபோது, அதன் உச்சியில் ஏறத்தாழ 2.8 கிலோகிராம் எடையுள்ள ஓர் அலுமினியக் கூம்பினைப் பெருமையோடு பொருத்தினர். இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. 1886இல் அமெரிக்காவில் சார்லசு ஆல் என்பவரும், பிரான்சில் பால் எரூல் என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தைப் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரிக்கும் முறையைக் கண்டனர். இருவரும் 1863இல் பிறந்தவர்கள்; இருவரும் 1914இல் மறைந்தவர்கள் என்பது வியப்பிற்குரியது. அரசர்க்குரியதாய் இருந்த உலோகம் அதன் பின்னரே அடுக்களைக்கு வந்தது.

தமிழகத்திற்கு அது விரைவிலேயே வந்து சேர்ந்தது. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரடு சாட்டர்டன் என்பார் 1898ஆம் ஆண்டு அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். செம்பும் பித்தளையும் தட்டிப் பழகிய கன்னார்களின் கைத்திறன் புது உலோகத்திற்கும் பயன்பட்டது. அன்று உலோகம் கப்பலில் வந்தது. 1965 முதல் மேட்டூரிலேயே அலுமினியம் எடுக்கப்பட்டது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் கிடைத்த பாக்சைட்டு மண் அதற்கு மூலமாயிற்று. 2008இல் அவ்வுலை நின்றுவிட்டது.

ஒரு கிலோகிராம் அலுமினியத்தைப் பிரிக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் செலவாகும். ஒன்பது மீட்டர் நீளமும் முப்பது சென்டிமீட்டர் அகலமும் உள்ள தாள்சுருளின் எடை ஏறக்குறைய 80 கிராமே. எனினும் அதனுள் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்சாரம் அடங்கியுள்ளது. அதனை நெய்வேலியில் ஆக்குவதாயின் ஒரு கிலோகிராம் அளவிற்குப் பழுப்பு நிலக்கரி எரிதல் வேண்டும். அந்நிலக்கரியை எடுக்க அதனினும் பன்மடங்கு மண்ணை அகற்றுதல் வேண்டும். அம்மண்ணின் மேல் வயலும் வீடும் இருந்தன. சுரங்கத்திற்காக இடம்பெயர்ந்த ஊர்கள் பல. ஒருமுறை கையைத் துடைத்து எறியும் தாளுக்கு இது சிறிய விலையன்று.

இனி, அத்தாளின் இயல்புகளை நோக்குவோம். வீட்டில் வழங்கும் தாளின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே. தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியது. ஆயினும் ஒளியும் ஈரமும் காற்றும் அதனூடே எளிதிற் புகா. மருந்து வில்லைகளை அதில் வைத்து மூடுவது இக்காரணத்தாலேயாம். ஒருபுறம் பளபளப்பும் மறுபுறம் மங்கலும் இருப்பது கண்டு, எப்புறம் உள்ளே வரவேண்டும் என்று வழக்காடுவோர் உளர். கடைசி உருட்டலின்போது இரு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செலுத்துவர். உருளையைத் தொட்ட புறம் மின்னும், தாளைத் தொட்ட புறம் மங்கும். அவ்வளவே, உணவு பொதிய எப்புறமும் ஒன்றே.

வெள்ளிக் கொலுசும் குத்துவிளக்கும் நாளடைவில் கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்க்கையால். சாம்பல் கொண்டு தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் சிறிது தேய்ந்து போகும். அகன்ற பாத்திரம் ஒன்றில் அலுமினியத் தாளை விரித்து, அதனைத் தொடுமாறு வெள்ளிப் பொருளை வைத்து, சமையற் சோடாவும் சிறிது உப்பும் கலந்த கொதிநீரை ஊற்றுக. வெள்ளியைப் பற்றியிருந்த கந்தகம் வெள்ளியை விட்டு நீங்கும், கூழ்முட்டை நாற்றம் சிறிது எழும், தாள் கறுக்கும், வெள்ளி தேயாமலே வெளுக்கும். கல் பதித்த நகைகளை இதில் இடுதல் கூடாது.

மிதிவண்டி நிறுத்தும் கொட்டகையிலும் இத்தாளுக்கு வேலை உண்டு. கைப்பிடியிலும் சக்கர வளையத்திலும் உள்ள குரோமியப் பூச்சின்மேல் துரு படர்ந்தால், தாளைக் கசக்கி நீரில் நனைத்துத் தேய்த்தால் துரு அகலும். அலுமினியம் குரோமியத்தினும் மென்மையானது. ஆதலால் பூச்சு கீறப்படுவதில்லை. பின்பு ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவுதல் வேண்டும். வண்ணம் பூசிய பகுதியில் இது வேண்டா. கதவிற்கு வண்ணம் அடிப்போர் மாலையில் தூரிகையைத் தாளால் இறுகப் பொதிந்து வைத்தால், மறுநாள் அது காய்ந்து விறைக்காமல் இருக்கும். வண்டிக்கு எண்ணெய் ஊற்றப் புனல் இல்லையேல், இரண்டு மூன்று மடிப்புத் தாளைச் சுருட்டினால் புனலாகும்.

பங்குனி சித்திரையில் தகரக் கொட்டகையின் கீழ் நிற்பது அடுப்பருகே நிற்பதுபோலாம். தகரத்தை ஒட்டாமல், ஓர் அங்குல இடைவெளி விட்டு, அட்டையில் ஒட்டிய அலுமினியத் தாளை அடியிற் கட்டினால், தகரம் கீழ்நோக்கி வீசும் வெம்மை பெரிதும் தடைப்படும். இடைவெளி இல்லையேல் பயன் இல்லை. தகரத்தின் சூடு தாளுக்கே நேரே ஏறிவிடும். மின்கம்பி ஓடும் இடத்தில் இதனைச் செய்தல் ஆகாது. இதே இயல்பினால்தான் அட்டைப் பெட்டிக்குள் தாளை ஒட்டி, கண்ணாடி மூடி இட்டு, கரிய பாத்திரத்தை வைத்து, மாணவர் ஞாயிற்றின் வெப்பத்தால் சோறு சமைத்துக் காட்டுகின்றனர். தாள் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 85 பங்கிற்கு மேல் திருப்பி அனுப்புகிறது.

அடுத்து, தாளுக்குத் தகாத இடங்கள். அலுமினியத்தின்மேல் எப்போதும் ஒரு நுண்ணிய படலம் உண்டு. அதுவே அதன் கவசம். புளிப்பும் உப்பும் அக்கவசத்தை அரிக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் உள்ள புளிக்குழம்பைத் தாளால் மூடி, குழம்பு தாளைத் தொடும்படி விட்டால், மறுநாள் அதில் ஊசித்துளைகளைக் காணலாம். துளைபோன உலோகம் குழம்பிற்குள்ளே போயிற்று! வழிப்பயணத்திற்குப் புளியோதரை கட்டுவோர் முதலில் வாழையிலையை வைத்து, அதன்மேல் சோற்றை இட்டு மடித்து, புறத்தே தாளைச் சுற்றுவது நன்று. இலை உணவைக் காக்கும். தாள் இலையைக் காக்கும்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. வீட்டில் விளக்கு அணைந்தால், பியூஸ் கட்டையில் அறுந்த கம்பிக்கு மாறாகத் தாளைத் திருகி வைப்போர் உளர். விளக்கு எரியும், அதனால் அவர் தம் திறத்தை மெச்சிக்கொள்வர். பியூஸ் கம்பி அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் பாயும்போது தான் உருகி வீட்டைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. திருகிய தாளோ, சுவருக்குள் ஓடும் கம்பி தாங்கும் அளவினும் மிகுதியான மின்சாரத்தைத் தடுக்காமல் விட்டுவிடும். அப்போது உருகுவது சுவர்க்கம்பியின் உறையே. அதிலிருந்து தீ பிறக்கும். கைவிளக்கின் மின்கலம் தளர்ந்து ஆடினால் இடையே ஒரு துண்டுத் தாளைச் செருகலாம். வீட்டு மின்சாரத்தின் அருகே அத்தாள் போதல் கூடாது.

ஒருமுறை பயன்பட்ட தாளைக் கழுவி உலர்த்தி மீண்டும் வழங்கலாம். கிழிந்தபின் எறிந்தால், உணவின் மணம் கருதி மாடு அதனை விழுங்கக்கூடும். வாழையிலைபோல் அது மண்ணில் மட்காது. ஆனால் 660 பாகை வெப்பத்தில் உருகி மீண்டும் புது உலோகமாகும். அதற்குச் செலவாவது, மண்ணிலிருந்து எடுக்க வேண்டிய ஆற்றலில் நூற்றுக்கு 5 பங்கு அளவே. துண்டுகளைச் சேர்த்து உருண்டையாகப் பிடித்து, அது ஓர் ஆரஞ்சுப்பழ அளவு ஆனபின் பழைய அலுமினியப் பாத்திரங்களோடு பழைய இரும்புக் கடையில் இடலாம். மின்னும் உறைகள் எல்லாம் அலுமினியத் தாள் ஆகா. கையில் கசக்கிப் பார்க்க: கசங்கியபடியே கிடந்தால் அஃது உலோகத் தாள், தானே விரிந்து கொண்டால் உலோகப் பூச்சிட்ட பிளாஸ்டிக், அதனை அவ்வுருண்டையில் சேர்த்தல் ஆகாது.