பழங்காசுகளை வீட்டில் பேணும் முறை

1906-ஆம் ஆண்டில் நாசிக் மாவட்டத்து ஜோகல்தம்பி என்னும் ஊரில் ஒரு வெள்ளிக்காசுப் புதையல் வெளிப்பட்டது. அதில் ஏறத்தாழ 13,250 காசுகள் இருந்தன. அவை மேற்கு இந்தியாவில் ஆட்சி புரிந்த நகபானன் என்னும் க்ஷத்ரப மன்னனுடையவை. அவற்றுள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு காசுகளின் மீது, சாதவாகன மன்னனான கௌதமீபுத்திர சாதகர்ணியின் முத்திரை மீண்டும் பொறிக்கப்பட்டிருந்தது. நகபானனின் முகத்தின் மேலேயே சாதவாகனரின் மூவளைவு மலைச் சின்னம் பதிந்திருந்தது. க்ஷத்ரபரின் நாட்டைச் சாதவாகனர் வென்றனர் என்பதற்கு இப்புதையல் உறுதியான சான்றாயிற்று.

இச்சான்று பயன்பட்டதற்குக் காரணங்கள் இரண்டு. காசுகள் பெருந்தொகையாக ஒருங்கே ஆராயப்பட்டன. மேல்முத்திரையும் அதனடியிலிருந்த பழைய முத்திரையும் தேயாமல் இருந்தன. யாரேனும் அவற்றைப் புளியிட்டு விளக்கியிருந்தால் அடிமுத்திரை மறைந்திருக்கும். கைக்குப் பத்தாகப் பிரித்துக்கொண்டிருந்தால் தொகை தெரியாமற் போயிருக்கும். வீட்டிலோ பள்ளியிலோ சில பழங்காசுகளை வைத்திருப்போரும் இவ்விரு தீங்குகளையே முதலில் விலக்க வேண்டும்.

விளக்குதல் கூடாது

பழங்காசு கைக்கு வந்தவுடன் அதனைப் பளபளப்பாக்க விரும்புவது இயல்பு. புளி, எலுமிச்சை, சாம்பல், பல்பொடி ஆகியன இதற்கு உபயோகிக்கப்படுகின்றன. புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலங்கள் களிம்பைக் கரைப்பதுடன் உலோகத்தையும் அரிக்கின்றன. சாம்பலும் பல்பொடியும் நுண்ணிய எழுத்துக்களைத் தேய்த்து விடுகின்றன. காசின் எடையும் குறைகிறது. எடை குறைந்தால், அக்காசு எந்த எடையளவை ஒட்டி அடிக்கப்பட்டது என்பதை அறிய இயலாது. தொன்மையான முத்திரை குத்திய வெள்ளிக் காசுகளின் காலத்தையும் மரபையும் ஆராய்வோர்க்கு எடை இன்றியமையாத சான்றாகும்.

ஒட்டாது நிற்கும் தூசியை மென்மையான தூரிகையால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளல் நன்று. செம்புக் காசுகளைக் குழாய் நீரில் கழுவுதலும் தகாது. அந்நீரிலுள்ள குளோரைடு உப்புக்கள் அரிப்பைத் தூண்டுவன. தீபாவளியின்போது இலட்சுமி பூஜையில் பழங்காசுகளை வைத்துப் பாலால் நீராட்டி மஞ்சளும் குங்குமமும் இடும் இல்லங்கள் உண்டு. அவ்வழிபாட்டிற்கு இக்காலத்து வெள்ளிக்காசு ஒன்றை ஒதுக்கிக்கொண்டால், பழங்காசுகள் ஈரமும் புளிப்பும் படாமல் தப்பும்.

உலோகந்தோறும் வேறுபடும் தீங்கு

பொற்காசுக்கு இரசாயன மாற்றத்தால் நேரும் கேடு மிகக் குறைவு. எனினும் பொன் மென்மையானது. ஒன்றோடொன்று உரசினால் கீறல் விழும்.

வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். கம்பளித் துணியும் இரப்பர் வளையமும் கந்தக வாயுவை வெளியிடுவன. ஆதலின் வெள்ளிக் காசுகளை இரப்பர் வளையத்தால் கட்டுவதும், கம்பளி விரித்த தட்டில் வைப்பதும் தவறு.

செம்பும் வெண்கலமும் அதிகக் கவனிப்பை வேண்டுவன. மண்ணிலிருந்தபோது காசினுள் புகுந்த குளோரைடு, செம்புடன் கூடி அடங்கியிருக்கும். காற்றும் ஈரமும் சேர்ந்தவுடன் அது வெளிர்பச்சைத் தூளாக வெளிப்படும். அப்பொழுது உண்டாகும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மீண்டும் செம்பைத் தாக்கும். இத்தொடர் நிகழ்ச்சியை வல்லுநர் 'வெண்கல நோய்' என்பர். இறுகிப் படிந்த வழவழப்பான பச்சைக் களிம்பு பெரும்பாலும் தீங்கற்றது. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூளே அஞ்சத்தக்கது. தூளைத் துடைத்த சில நாட்களில் அது மறுபடியும் தோன்றினால் நோய் உள்ளதென அறியலாம். அத்தகைய காசைப் பிறவற்றினின்றும் பிரித்து உலர்ந்த பெட்டியில் வைத்து, அருங்காட்சியக வேதியியலாளரின் ஆலோசனையைப் பெற வேண்டும். லக்னோவில் 1976-ஆம் ஆண்டு முதல் இத்துறைக்கெனத் தேசிய ஆய்வுக்கூடம் ஒன்று உள்ளது.

தக்காணத்தில் சாதவாகனர் வெளியிட்ட ஈயக் காசுகளுக்கு மரப்பெட்டியே பகையாகும். மரமும் ஒட்டுப்பலகையும் அட்டையும் மெல்ல வெளிவிடும் அசெட்டிக் அமில ஆவி, ஈயத்தை வெண்தூளாக மாற்றுகிறது. மூடிய மரப்பேழையில் விடப்பட்ட ஈயக் காசு, திறந்து பார்க்கும்போது எழுத்தின்றிப் பொடிந்திருத்தல் கூடும். ஈயமும் அதன் தூளும் நஞ்சு. சிறுவர் அவற்றைத் தொடலாகாது. பெரியோரும் தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

உறையும் பெட்டியும்

ஒவ்வொரு காசுக்கும் ஓர் உறை வேண்டும். கடைகளில் கிடைக்கும் மென்மையான பி.வி.சி. உறைகள் தகாதவை, நாளடைவில் அவை அமிலத்தையும் எண்ணெய்ப்பசையையும் கசிந்து, காசின் மேல் பச்சைப் பிசினைப் படியச் செய்யும். பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் ஆகியவற்றாலான உறைகள் ஏற்றவை. அமிலமற்ற காகித உறையும் பயன்படும். செய்தித்தாளில் பொதிதல் கூடாது.

உறைகளை, காற்றுப் புகாத பாலிப்ரொப்பிலீன் பெட்டியில் நிறுத்தி வைத்து, சிலிக்கா ஜெல் பொதி ஒன்றை உடன் வைக்க வேண்டும். கொங்கணத்திலும் வங்காளத்திலும் மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவிகிதத்தையும் கடக்கும். செம்புக் காசுகளுக்கோ அது 40 சதவிகிதத்திற்குக் குறைவாக இருத்தல் நலம். சிறிய ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தால் நிலையை உடனே அறியலாம். ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறிய ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். பெட்டியைச் சமையலறைக்கு அருகிலும், மழைநீர் ஊறும் சுவரை ஒட்டியும் வைக்கலாகாது.

பதிவேடு

காசின் மீது எண் எழுதுதல் கூடாது. எண் உறையின் மேல் இருக்க வேண்டும். பதிவேட்டில் அவ்வெண்ணுக்கு நேரே உலோகம், எடை, விட்டம், இருபுறத்துச் சின்னங்கள், கிடைத்த இடம், நாள், உடன் கிடைத்த பொருள்கள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். நூற்றில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு எடைக்கு வேண்டும். ஒரே குடத்தில் கிடைத்த காசுகளை ஒன்றாகவே வைத்து, குடத்தின் ஓட்டையும் பேணுதல் வேண்டும்.

காட்சிக்கு வைத்தல்

பாலிஎத்திலீன் நுரைத் தகட்டில் காசின் அளவுக்கு வட்டக் குழிகள் வெட்டி, அவற்றில் காசுகளை வைத்துக் கண்ணாடியால் மூடலாம். பசையிட்டு ஒட்டுதல் பெருந்தவறு. விளக்கைப் பேழைக்கு வெளியே அமைத்தால் உள்ளே சூடு ஏறாது. ஒளி ஒருபுறமாகச் சாய்ந்து விழுமாறு செய்தால், தேய்ந்த எழுத்தும் நிழலால் புலப்படும். மாணவர் கையாள்வதற்குப் பெரிதாக்கிய நிழற்படங்களைத் தருக. காசையே எடுக்க நேர்ந்தால், மெத்தென்ற துணி விரித்த மேசையின் மேல், விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். விரலின் வியர்வையிலும் உப்பு உண்டு.

சட்டத்தின் நிலை

மண்ணில் புதைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் கடமை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழங்காசுகள் தொல்பொருள்களாகும். தனியார் அவற்றை வெளிநாட்டிற்கு அனுப்பலாகாது. உழவர் ஒருவர் காசு கொண்டுவந்து காட்டும்போது இவ்விதிகளை அன்புடன் எடுத்துரைப்பது களப்பணியாளரின் பொறுப்பாகும். தட்டானின் உலைக்குப் போகும் காசுகள் பல, உரிய வேளையில் கூறப்படும் ஒரு சொல்லால் காக்கப்படும்.

வகுப்பிற்குரிய பயிற்சி

இப்போது வழங்கும் நாணயங்கள் ஐந்தினை மாணவர்க்குக் கொடுத்து, எடை, விட்டம், இருபுறத்துச் சின்னங்கள், ஆண்டு ஆகியவற்றை மேற்கூறியவாறு பதிவு செய்யச் சொல்க. பின்பு அவற்றுள் ஒன்றைப் புளிக் கரைசலில் ஓரிரவு ஊறவிட்டு மறுநாள் மீண்டும் எடையிடுக. நிறத்திலும் எடையிலும் மாறுதல் உளதா என்று மாணவரே கண்டு எழுதுதல் வேண்டும்.