தொழில் வளர ஆள் வளர்த்தல்

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி என்னும் ஊர் உள்ளது. அது கரிசல் மண் பரந்த வறண்ட நிலப்பகுதி. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் அங்கு உழவர்க்கு வேலை இராது. உழவரை நம்பிய பிறர்க்கும் கூலி இராது. அத்தகைய ஊர் இன்று பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அச்சுத் தொழிலுக்கும் நாடெங்கும் பெயர் பெற்று விளங்குகின்றது. இந்தியாவில் வெடிக்கப்பெறும் பட்டாசில் மிகப் பெரும்பகுதி சிவகாசியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலுமே செய்யப்படுகின்றது. அதனால் மக்கள் இவ்வூரைக் 'குட்டி ஜப்பான்' என்றும் வழங்குவர்.

இவ்வளர்ச்சிக்குக் காரணம் யாது? வறண்ட காற்று குச்சியும் மருந்தும் விரைந்து உலரத் துணைசெய்தது உண்மையே. ஆயினும் வறண்ட ஊர்கள் நாட்டில் பல உள. அவையெல்லாம் சிவகாசி ஆகிவிடவில்லை. இவ்வூரில் சிலர் தொழிலைத் தேடிச் சென்று கற்றனர். கற்றதை ஊரார்க்கும் கற்பித்தனர். அதுவே முதற்காரணம் எனலாம்.

அக்காலத்தில் நம் நாட்டு வீடுகளில் விளக்கேற்றப் பயன்பட்ட தீப்பெட்டிகள் சுவீடன், ஜப்பான் முதலிய அயல்நாடுகளிலிருந்து வந்தவை. 1922ஆம் ஆண்டில் தீப்பெட்டிமீது இறக்குமதி வரி உயர்த்தப்பட்டது. உள்நாட்டில் தீப்பெட்டி செய்வார்க்கு அதனால் வாய்ப்புப் பிறந்தது. அவ்வாண்டிலேயே சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். அங்குத் தங்கித் தீப்பெட்டித் தொழிலைப் பயின்று, ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். பொருள் வாங்கி விற்கும் வணிகராக மட்டும் இருந்திருந்தால் அவர்கள் இத்துணைத் தொலைவு சென்றிருக்க வேண்டுவதில்லை. தாமே முதலில் மாணாக்கர் ஆயினர். பின்னரே முதலாளிகள் ஆயினர்.

குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குதல், மருந்து முக்குதல், உலர்த்துதல், பெட்டி ஒட்டுதல், குச்சி அடைத்தல் எனத் தீப்பெட்டித் தொழில் பல படிகளை உடையது. பம்பாயில் 1923இல் தோன்றிய விம்கோ போன்ற பெருநிறுவனங்கள் இயந்திரத்தை நம்பின. சிவகாசியோ மக்களின் கைகளையே நம்பியது. கையை நம்பிய தொழில் வளர வேண்டுமாயின், ஒவ்வொரு கைக்கும் பயிற்சி வேண்டும் அன்றோ?

1926இல் உறவினர் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தலாயினர். ஒருவரது தீப்பெட்டி 'அணில்' என்னும் முத்திரையையும், மற்றவரது 'காக்கா' என்னும் முத்திரையையும் தாங்கியது. ஓர் ஆலை இரண்டாயிற்று, இரண்டு பலவாயின. ஆலையில் வேலை கற்றவர் மேற்பார்வையாளர் ஆதலும், மேற்பார்வையாளர் சிலர் தாமே சிற்றாலை தொடங்குதலும் இப்பகுதியில் வழக்கமாயின. பொன்னைப் பங்கிட்டால் குறையும். தொழிலறிவைப் பங்கிட்டால் பெருகும்.

தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு வேண்டியிருந்தது. அத்தேவையால் அச்சுக்கூடங்கள் எழுந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அயல்நாட்டுப் பட்டாசின் வரவு குன்றியது. 1940களில் பட்டாசு ஆலைகள் பெருகின. இங்ஙனம் ஒரு தொழில் மற்றொரு தொழிலை ஈன்றது. எனினும் தீப்பெட்டி ஒட்டியவர் அடுத்த நாளே அச்சுக்கோக்க இயலாது. அச்சுக்கூடத்தில் நின்றவர் உடனே வெடிமருந்து கலக்கவும் இயலாது. ஒவ்வொரு புதுத் தொழிலுக்கும் ஆட்களைப் புதிதாகவே பழக்க வேண்டியிருந்தது.

பிற தொழில்களில் பயிற்சியற்றவர் பிழை செய்தால் பொருள் கெடும். பட்டாசுத் தொழிலில் உயிர் கெடும். ஆதலால் ஆளை வளர்த்தல் என்பதன் முழுப்பொருளையும் இத்தொழிலிலேதான் தெளிவாகக் காணலாம். அவ்வளர்ப்பு மூவகைப்படும்: தொழிலாளியை வளர்த்தல், குழுவை வளர்த்தல், தலைவரை வளர்த்தல்.

முதலாவது தொழிலாளியை வளர்த்தல். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறை, உலர்த்தும் மேடை, பொதி கட்டும் அறை ஆகியன ஒன்றற்கொன்று இடைவெளி விட்டுத் தனித்தனியே அமைந்திருக்கும். மருந்து கையாளும் அறையில் நால்வர்க்கு மேல் இருத்தல் ஆகாது. தரையில் இரப்பர் விரிப்பு இடுவர். இரும்புக் கருவிகளை விலக்குவர். பருத்தி உடை உடுப்பர். இவ்விதிகளை மனப்பாடம் செய்வித்தால் மட்டும் போதாது. காரணத்தையும் அறிவித்தல் வேண்டும். இரும்பு உரசினால் பொறி பறக்கும். செயற்கை இழை உடையில் மின்னூட்டம் தேங்கும். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். ஆதலின் கலந்த மருந்தை மறுநாளைக்கு மீதம் வைத்தல் பெருங்கேடு. காரணம் அறியாதவர் மேற்பார்வையாளர் பார்க்கும்போது மட்டும் விதியைக் காப்பர். காரணம் அறிந்தவர் எவரும் பாராதபோதும் காப்பர்.

இரண்டாவது குழுவை வளர்த்தல். ஓர் அறையில் நால்வர் இருப்பின், ஒருவரது கவனக்குறைவு நால்வரையும் அழிக்கும். கலப்பவர் அளவு தவறினால் செலுத்துபவர் உயிரிழப்பர். ஆகவே 'என் வேலை முடிந்தது' என்று இருத்தல் இங்கே பொருந்தாது. இத்தொழிலில் பெருந்தொகையினர் பெண்கள். நேற்று வந்த பெண்ணொருத்தி, பத்தாண்டு பழகியவர் செய்யும் பிழையைக் கண்டாலும், "அண்ணாச்சி, கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று அஞ்சாது சொல்லும் உரிமை வேண்டும். அச்சொல்லைக் கேட்டுச் சினவாது நிறுத்தும் பண்பும் மற்றவர்க்கு வேண்டும். இவ்விரண்டும் உள்ள இடமே குழு, ஏனையது வெறுங்கூட்டம்.

மூன்றாவது தலைவரை வளர்த்தல். ஆலையில் போர்மேன் எனப்படுபவர் ஒருவகையில் படைத்தலைவரை ஒத்தவர். எவ்வளவு மருந்து எவ்வறைக்குச் செல்ல வேண்டும், யார் எவ்வேலைக்கு உரியர், எப்போது வேலையை நிறுத்த வேண்டும் என்பவற்றை நாள்தோறும் கண்காணிப்பவர் அவரே. தீபாவளி நெருங்கும்போது வணிகர் சரக்குக்கு விரைவர். எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுவோரும் விரைவர். அவ்வேளையில் "இன்று இவ்வளவே" என்று கூறும் துணிவே தலைமைக்கு அடையாளம். அத்துணிவு உடையவரை ஆதரித்தல் முதலாளியின் கடமை. வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். ஆளை ஆராய்ந்து தெளிதல் ஒன்று. தெளிந்தபின் உரிய வினையில் அமர்த்தி ஆளுதல் மற்றொன்று. இரண்டில் எது குறையினும் வினை கெடும்.

தொழில் விரைந்து வளர்ந்து, ஆள் வளர்ப்புப் பின்தங்கிய காலமும் இப்பகுதியில் உண்டு. அதனை மறைத்தல் அறமன்று. பள்ளியில் இருக்க வேண்டிய சிறுவரும் சிறுமியரும் பல்லாண்டுக்காலம் குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் வந்தனர். அவர்தம் கைகள் சிறியன, கூலியும் சிறிது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. சிவகாசிச் சிறார் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வழங்கியது. சட்டத்திற்கு மாறாக வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று அத்தீர்ப்புக் கூறியது. 2016இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவரை இத்தகைய ஆபத்தான தொழில்களில் அமர்த்துதல் குற்றமாகும். குழந்தையின் கையைப் பயன்படுத்தி அதன் அறிவை வளரவிடாத தொழில், தன் நாளைய தொழிலாளியையும் நாளைய தலைவரையும் தானே அழித்துக்கொள்கின்றது.

வெடிவிபத்துக்களும் நேர்ந்தன. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயைக் கண்டு உதவ ஓடிவந்தவரும் அவருள் அடங்குவர். இத்தகைய விபத்துக்களை ஆராய்வோர் மீண்டும் மீண்டும் கூறும் காரணங்கள் சிலவே: உராய்வு, அளவு மீறிய மருந்து, அறையில் மிகுந்த ஆட்கள், பயிற்சியின்மை. நான்கும் விதியால் வருவன அல்ல. மனிதர் நினைத்தால் நீக்கத்தக்கன. ஒரு விபத்து நேர்ந்தால் ஆலையின் ஒரு சுவர் மட்டும் இடிவதில்லை. ஒரு சிற்றூரின் பல அடுப்புகள் அணைகின்றன.

கற்றல் முதலாளிக்கும் ஓயாது. 2018இல் உச்சநீதிமன்றம் காற்றை மாசுபடுத்தும் பட்டாசுகளைக் கட்டுப்படுத்தி, பேரியம் உப்புக்களைத் தடைசெய்தது. அறிவியலார் வகுத்த பசுமைப் பட்டாசு முறையைக் கற்கப் பல்லாண்டு பழகிய ஆலையினரும் மீண்டும் மாணாக்கர் ஆக நேர்ந்தது. 'எல்லாம் அறிவேன்' என்று இருந்தவர் இடர்ப்பட்டனர். கற்க முன்வந்தவர்க்கு வழி பிறந்தது.

அண்டை நகராகிய விருதுநகரில் வணிகப் பெருமக்கள் வீடுதோறும் பிடியரிசி திரட்டிப் பள்ளி வளர்த்த வரலாறு உண்டு. 1903இல் அந்நகரில் பிறந்த காமராசர் பின்னாளில் முதலமைச்சராகி, ஊர்தோறும் பள்ளிகளைப் பெருக்கினார். சிவகாசியிலும் இவ்வுண்மை மறக்கப்படவில்லை. கல்கத்தாவுக்குத் தொழில் கற்கச் சென்ற அய்ய நாடார், 1963இல் தம் ஊரில் ஒரு கல்லூரியை நிறுவினார். மாணாக்கராகப் புறப்பட்டவர் பிற மாணாக்கர்க்கு வாயில் திறந்துவைத்தார்.

மாணவர்களே! நீங்களும் ஒருநாள் ஏதேனும் ஒரு தொழிலில் புகுவீர்கள். முதலில் பொறுமையுடன் கற்றுக்கொள்ளுங்கள். உடன் உழைப்பவரது உயிரை உம் உயிர்போல் மதியுங்கள். கற்றதை ஒளியாது கற்பியுங்கள். உமக்குக் கீழ் ஒருவர் வேலை கற்று உமக்கு நிகராக நிற்கும் நாளில் பொறாமை கொள்ளாது மகிழுங்கள். அந்நாளே உம் தொழில் வேர் கொண்ட நாள்.