இணையதளங்களின் குக்கிச் சீட்டுகள்: அங்கத்தினர் அறிய வேண்டியவை

இந்நாளில் நம் அங்கத்தினர் பலருடைய இல்லங்களிலும் கைபேசி இருக்கிறது. பஞ்சு விலை, தேங்காய் விலை, மழைக்குறி, மாணவருக்கான உதவித்தொகை ஆகிய யாவற்றையும் அதிலேயே பார்த்துக்கொள்கிறோம். அவ்வாறு ஓர் இணையதளத்தைத் திறந்த மாத்திரத்தில், ‘எங்கள் தளம் குக்கிகளைப் பயன்படுத்துகிறது, ஏற்கிறீர்களா?’ என்ற கேள்வி திரையில் எழுவதைக் காணாதவர் இலர். பெரும்பாலோர் அதனைப் படியாமலே ‘ஏற்கிறேன்’ என்பதைத் தொட்டுவிடுகின்றனர். படித்துப் பாராத பத்திரத்தில் கையொப்பமிடலாகாது என்பது கூட்டுறவாளர் முதலில் கற்கும் பாடம். ஆகவே, நாம் நாள்தோறும் ஒப்புக்கொடுத்து வரும் இவ்விஷயம் யாது என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

குக்கி என்பது யாது?

இணையதளம் என்பது எங்கோ ஓரிடத்திலுள்ள கணினி நமக்கு அனுப்பும் பக்கம். நமது கைபேசியிலுள்ள உலாவி அப்பக்கத்தைக் கேட்டு வாங்கிக் காட்டுகிறது. இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. அனுப்பும் கணினிக்கு, கேட்பவர் இன்னார் என்ற ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டவரே அடுத்த நிமிடம் மற்றொரு பக்கத்தைக் கேட்டாலும், புதியவர் ஒருவர் வந்ததாகவே அது கொள்ளும்.

நமது நெசவாளர் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் வாங்கவரும் நெசவாளரைக் குமாஸ்தா முகம் பார்த்து அறியாராயின் என்ன செய்வார்? ஓர் எண்ணிட்ட சீட்டைக் கொடுத்து, ‘அடுத்த முறை வரும்போது இதனைக் கொண்டுவாரும்’ என்பார். சீட்டிலுள்ள எண்ணைக் கண்டதும் பேரேட்டில் அவர் பக்கத்தைத் திருப்பி, வாங்கிய பாவு எவ்வளவு, ஒப்படைத்த சேலை எத்தனை என்று பார்த்துக்கொள்வார். குக்கி என்பதும் இத்தகைய சீட்டே. இணையதளம் ஒரு சிறு எழுத்துத் துணுக்கை உலாவியிடம் கொடுக்கிறது. உலாவி அதனைப் பத்திரப்படுத்தி, அத்தளத்திற்குச் செல்லும்போதெல்லாம் திருப்பிக் காட்டுகிறது. அதன் அளவு பெரும்பாலும் 4096 பைட்டுகளுக்குள் அடங்கும். அது நோய்க்கிருமி போன்ற நிரலன்று, தானாக இயங்குவதுமன்று. சீட்டில் இருப்பது அநேகமாக ஓர் எண் மட்டுமே. நம்மைப் பற்றிய கணக்கெல்லாம் சீட்டைக் கொடுத்தவரின் பேரேட்டில் இருக்கிறது என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இச்சீட்டுகளில் சில, உலாவியை மூடியவுடன் அழிபவை. வேறு சில, மாதக்கணக்கில் தங்குபவை.

தோன்றிய வரலாறு

1994ஆம் ஆண்டில், அமெரிக்காவில் நெட்ஸ்கேப் என்னும் உலாவியை உருவாக்கிய நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுல்லி என்பவர் இதனைக் கண்டுபிடித்தார். இணையக் கடையில் பொருள் தேர்ந்தெடுப்பவரின் கூடையில் என்ன இருக்கிறது என்பதை அடுத்த பக்கத்திலும் நினைவில் வைத்தற்கு ஒரு வழி தேவைப்பட்டது. ஒவ்வோர் உலாவிக்கும் நிரந்தரமான ஓர் எண்ணைக் கொடுத்துவிடுதல் எளிய வழியாக இருந்திருக்கும். ஆனால் அவ்வெண்ணைக் கொண்டு எல்லாத் தளங்களும் ஒருவரைத் தொடர்ந்து செல்லக் கூடும் என்று கருதியே, ஒரு தளம் கொடுத்த சீட்டை அத்தளத்திற்கு மட்டுமே காட்டும் முறையை அவர் வகுத்தார். நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட காரியமே அது.

கதவருகில் அமர்ந்த தரகர்

பின் எங்கே தவறு புகுந்தது? ஓர் இணையப் பக்கம் முழுவதும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. செய்தி ஒரு கணினியிலிருந்தும், அதனருகிலுள்ள விளம்பரம் வேறொரு கணினியிலிருந்தும் வரக்கூடும். விளம்பரத்தை அனுப்பும் கணினியும் தன் பங்குக்கு ஒரு சீட்டைக் கொடுக்கிறது. இதற்கு மூன்றாம் தரப்புக் குக்கி என்று பெயர். அதே விளம்பர நிறுவனம் ஆயிரக்கணக்கான தளங்களில் இடம்பெற்றிருந்தால், நாம் எத்தளத்திற்குச் சென்றாலும் அதே சீட்டு அதனிடமே போய்ச் சேருகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடி வீதியிலுள்ள ஒவ்வொரு கடைவாயிலிலும் ஒரே தரகரின் ஆட்கள் அமர்ந்து, இன்னார் இன்ன நேரத்தில் நுழைந்தார், இன்ன பொருளை நோக்கினார், வாங்காமல் திரும்பினார் என்று ஒரே குறிப்பேட்டில் எழுதிவருவதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரர் தம் வாடிக்கையாளரை அறிவது முறைதான். எல்லாக் கடைகளுக்கும் சென்றவரை எங்குமே அறிமுகமில்லாத ஒருவர் முழுவதுமாக அறிந்திருப்பது முறையாகுமா? மூன்றாம் தரப்புக் குக்கியின் வேலை இதுவே.

இணையத்தின் விதிமுறைகளை வகுக்கும் நிபுணர் குழு 1997லேயே இவ்வபாயத்தைச் சுட்டி, இத்தகைய சீட்டுகளை உலாவிகள் தாமாக ஏற்கலாகாது என்று பரிந்துரைத்தது. விளம்பர வருமானம் பெரிதாகிவிட்டபடியால் உலாவி நிறுவனங்கள் அன்று அதனைப் பொருட்படுத்தவில்லை. நெடுங்காலம் கழித்து, 2019ல் ஃபயர்பாக்ஸ் உலாவி பின்தொடர்வோர் என அறியப்பட்டவர்களின் சீட்டுகளையும், 2020ல் ஆப்பிளின் சஃபாரி உலாவி மூன்றாம் தரப்புச் சீட்டுகள் அனைத்தையும் தாமாகவே தடுக்கத் தொடங்கின. கூகுள் நிறுவனம் தன் குரோம் உலாவியிலிருந்து இவற்றை நீக்கப்போவதாக 2020ல் அறிவித்து, பன்முறை தள்ளிவைத்து, 2024ல் அத்திட்டத்தைக் கைவிட்டது. குரோமைப் பயன்படுத்துவோர் தாமே தடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேறு வழிகள்

குக்கியைத் தடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. கண்ணுக்குப் புலப்படாத ஒரே புள்ளியளவுப் படத்தைப் பக்கத்திலோ மின்னஞ்சலிலோ பதித்து, அது திறக்கப்பட்டதை அறிந்துகொள்ளும் முறை உண்டு. கைபேசியின் வகை, திரையின் அளவு, மொழி, எழுத்துருக்கள் முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்து, கைரேகை போல் ஒருவரை அடையாளம் காணும் முறையும் உண்டு. செயலிகளுக்கென்று கைபேசியிலேயே ஒரு விளம்பர அடையாள எண் வைக்கப்பட்டிருக்கிறது. இரகசிய உலாவல் என்னும் வசதி நம் கைபேசியில் சுவடு தங்காமற் செய்யுமேயன்றி, எதிரேயுள்ள தளத்திற்கு நம்மை மறைத்துவிடாது.

நமக்கு இதனால் என்ன?

‘நாம் எளியவர், நம்மைத் தொடர்ந்து எவருக்கு என்ன லாபம்?’ என்று சிலர் கேட்கக்கூடும். லாபம் உண்டு. ராஜபாளையத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி ஒருவர், பூ உதிர்ந்துபோன வருஷத்தில், நள்ளிரவில் தம் கைபேசியில் ‘அவசரக் கடன்’ என்று தேடுகிறார் என்று கொள்வோம். மறுநாள் அவர் பார்க்கும் பக்கங்களிலெல்லாம் உடனடிக் கடன் விளம்பரங்கள் வரிசையாக வந்து நிற்கும். அவருடைய இடுக்கண் அவர் மனைவிக்குத் தெரியுமுன், சங்கத்தின் காரியதரிசிக்குத் தெரியுமுன், வட்டிக்குக் கொடுப்போருக்குத் தெரிந்துவிடுகிறது. மருந்தைத் தேடியவருக்கும், மகளின் திருமணச் செலவைக் கணக்கிட்டவருக்கும் இவ்வாறே நேரும்.

நெருக்கடியில் இருப்பவனைக் கண்டுபிடித்து அவன் வாசலில் நிற்பது கந்துவட்டிக்காரரின் பழைய வித்தை. அந்தப் பிடியிலிருந்து விடுபடுவதற்கே 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. நம் மாகாணத்தில் திரூரில் சங்கம் தோன்றியது. அன்று முன்வாசலில் தடுத்தவரைப் பின்வாசல் வழியே நாமே அழைத்துக்கொள்ளலாகாது. கடன் செயலிகள் கைபேசியிலுள்ள தொடர்பு எண்களையும் அழைப்பு விவரங்களையும் எடுத்தலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட வேண்டி நேர்ந்தமையே இவ்வபாயத்தின் அளவைக் காட்டும்.

சட்டம் கூறுவது

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதன்பின், 2023ல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் பற்றிய முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் அளிக்கப்பட்டது.

இச்சட்டத்தில் நாம் அறியவேண்டியவை நான்கு. ஒன்று, ஒப்புதல் என்பது கட்டாயமின்றி, விவரம் அறிந்து, குறிப்பிட்ட காரியத்திற்காக, தெளிவாகக் கொடுக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். இரண்டு, கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, கொடுப்பதைப் போன்றே எளிதாக இருத்தல் வேண்டும். மூன்று, அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பு அளிக்க வேண்டும். தமிழில் கேட்பது நமது உரிமை. நான்கு, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணித்தலும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலும் கூடா.

‘ஏற்கிறேன்’ என்பதைப் பெரிதாகவும் பளிச்சென்றும் வைத்து, ‘மறுக்கிறேன்’ என்பதை மறைத்து வைப்பது பல தளங்களின் தந்திரம். ஏற்பதைப் போல் மறுப்பதை எளிதாக்காத குற்றத்திற்காக, பிரான்ஸ் நாட்டின் தரவுக் கண்காணிப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும், ஃபேஸ்புக்கிற்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது. நமது நாட்டிலும், நுகர்வோரை ஏமாற்றும் இத்தகைய திரைத் தந்திரங்களில் பதின்மூன்றைப் பட்டியலிட்டு 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியாகியுள்ளன.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

1. கேள்வி எழும்போது ‘மறுக்கிறேன்’ அல்லது ‘அவசியமானவை மட்டும்’ என்பதைத் தேடித் தொடுக. பெரும்பாலான தளங்கள் அதன்பின்னும் வழக்கம்போல் இயங்கும்.

2. குரோம் உலாவியின் அமைப்புகளில், தனியுரிமை பற்றிய பகுதியிலோ தள அமைப்புகளிலோ மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கும் வசதி உண்டு. அதனைச் செய்துகொள்க.

3. ஆண்டிராய்டு கைபேசியின் அமைப்புகளில், விளம்பரங்கள் என்ற பகுதியில், விளம்பர அடையாள எண்ணை நீக்கிவிடுக.

4. இ-சேவை மையத்திலோ பிறர் கணினியிலோ வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ திறந்தால், வேலை முடிந்ததும் வெளியேறு என்பதைத் தொட்ட பின்னரே எழுந்திருக்க. உள்ளே சென்றவருக்குக் கொடுக்கப்பட்ட சீட்டு அங்கேயே கிடக்குமாயின், அடுத்து அமர்பவர் அதனைக் கொண்டே நம் கணக்கினுள் நுழையலாம்.

5. மாதம் ஒருமுறை உலாவியில் சேர்ந்த குக்கிகளை அழித்துவிடுக. கடவுச்சொல்லை மீண்டும் இடவேண்டியிருக்கும். அச்சிறு சிரமம் பொறுக்கத்தக்கதே.

சங்கத்தின் கடமை

பிறர் தளங்களைப் பற்றிப் பேசியது போதும். நம்முடையதைப் பற்றியும் பேசுவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019ல் புவிசார் குறியீடு பெற்றது. சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி வெளியூர்களுக்குச் செல்கிறது. 1935ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் இணையத்திலும் துணி விற்கிறது. நம் சங்கங்களும் சொந்தமாக விற்பனைத் தளம் அமைக்க முற்படுவது காலத்திற்கேற்ற காரியமே. ஆயின், தளம் அமைத்துக்கொடுப்போர் இலவசமாகக் கிடைக்கும் கணக்கெடுப்புக் கருவி, காணொளிப் பெட்டி, பகிர்வுப் பொத்தான் முதலியவற்றை நம்மைக் கேளாமலே சேர்த்துவிடுவதுண்டு. அவற்றுள் பல, மேலே கூறிய தரகரின் ஆட்களே. நம் கடைவாயிலில் அவர்களை அமர்த்தி, நம்மை நம்பிவந்த வாடிக்கையாளரை அவர்களிடம் காட்டிக்கொடுத்த பழி நமக்கு வேண்டா.

ஆகவே, தளத்திற்குப் பணம் கொடுக்குமுன், அதிலுள்ள குக்கிகள் எவை, ஒவ்வொன்றும் எவருக்குச் சொந்தம், எதற்காக, எத்தனை நாள் தங்கும் என்ற பட்டியலை எழுத்து மூலம் கேட்டுவாங்கி நிர்வாகக் குழுவின் முன் வைத்தல் வேண்டும். பொருட்கூடைக்கும் உள்நுழைவுக்கும் உரிய சீட்டுகள் இருந்தால் விற்பனைக்குப் போதும். நம் அங்கத்தினரின் கடன் கணக்கைச் சந்தையில் படித்துக் காட்டும் காரியதரிசியை நாம் ஒரு நாளும் வைத்திருக்க மாட்டோம். அந்த நாணயத்தையே நமது தளத்திடமும் எதிர்பார்ப்போமாக.

சங்கக் கூட்டத்தில் விவாதித்தற்குரிய வினாக்கள்

1. ஒரு தளம் தானே கொடுக்கும் குக்கிக்கும், மூன்றாம் தரப்புக் குக்கிக்கும் உள்ள வேற்றுமை யாது?

2. சட்டப்படி, ஒப்புதல் எவ்வாறு இருத்தல் வேண்டும்?

3. நமது சங்கத்தின் தளம் எவ்விவரங்களைச் சேகரிக்கிறது? அவற்றுள் விற்பனைக்கு அவசியமில்லாதவை எவை?