தேன்பெட்டி செய்யும் ரவுட்டர்: வெட்டலகு நுழையாதபோது செய்யவேண்டியவை

கோப்பாயின் செம்மண் தோட்டங்களில் கிணற்று நீர்கொண்டு பயிரிடப்படும் பூசணி, வெள்ளரி, பாகல் ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கின்றன. மகரந்தம் ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்குச் சென்றாலன்றிப் பிஞ்சு நிலைக்காது. நெல்லுக்குத் தேனீயின் துணை வேண்டியதில்லை. இம்மரக்கறிகளுக்கோ அது பெருந்துணை. தேன்பெட்டியைத் தாமே செய்துகொள்ள விரும்பும் கமக்காரருக்கு ரவுட்டர் என்னும் மின்கருவி உதவும். அடைச்சட்டங்கள் தொங்குவதற்குப் பெட்டியின் உள்விளிம்பில் வேண்டிய படிவெட்டினை இது நேராகவும் விரைவாகவும் வெட்டும்.

இக்கருவியைப் புதிதாகக் கையாள்வோர் முதலில் எதிர்கொள்ளும் இடர், வெட்டலகின் தண்டு உள்ளே நுழையாமையாகும். அவ்வேளையில் சுத்தியலால் தட்டுவதும், தண்டை அராவித் தேய்ப்பதும் தவறு. காரணத்தை அறிந்து நீக்குதலே முறை.

அலகைப் பிடிக்கும் உறுப்பு

சுழலும் அச்சின் நுனியில், நீளவாக்கிற் பிளவுகளையுடைய சிறு உலோகக் குழல் ஒன்று உண்டு. கடைகளில் இதனைக் கொலெற் என்பர். இதன்மேல் உள்ள நட்டினை இறுக்கும்போது பிளவுகள் ஒடுங்கிக் குழல் அலகின் தண்டைச் சுற்றிலும் கவ்வுகின்றது.

காரணங்களும் பரிகாரங்களும்

எதனைச் செய்வதற்கு முன்னரும் மின்செருகியைக் கழற்றிவிட வேண்டும். ஆளியை நிறுத்துவது மட்டும் போதாது.

1. அளவு வேறுபாடு. தண்டுகள் அங்குல அளவிலும் மில்லிமீற்றர் அளவிலும் கிடைக்கின்றன. கால் அங்குலம் 6.35 மில்லிமீற்றர், அரை அங்குலம் 12.7 மில்லிமீற்றர். எனவே கால் அங்குலத் தண்டு 6 மில்லிமீற்றர்க் கொலெற்றில் நுழையாது. அரை அங்குலத் தண்டு 12 மில்லிமீற்றருக்குரியதில் நுழையாது. தண்டை வேணியர் இடுக்கிமானியால் அளந்து, கொலெற்றிற் பொறித்துள்ள அளவோடு ஒப்பிட வேண்டும்.

2. நட்டு போதிய அளவு தளராமை. சில கருவிகளில் நட்டு முதலில் தளர்ந்து, சில சுற்றுகளின் பின் மறுபடியும் இறுகும். இது பழுதன்று. ஸ்பனரால் மீண்டும் ஒருமுறை தளர்த்திய பின்னரே கொலெற் விரியும்.

3. வெறுங்கொலெற்றை இறுக்கியமை. அலகின்றி நட்டினை இறுக்கினால் குழல் நசுங்கி ஒடுங்கிப்போகும். அவ்வாறாயின் புதியது மாற்றுதல் வேண்டும்.

4. மரத்தூளும் பிசினும். கொலெற்றைக் கழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்த சிறு பித்தளைத் தூரிகையால் உட்புறத்தையும் பிளவுகளையும் துலக்கி, உலர்ந்த துணியால் எண்ணெய்ப்பசை அறத் துடைக்க வேண்டும். உள்ளே கிறீஸ் பூசலாகாது; பூசினால் அலகு வழுக்கும்.

5. தண்டிற் பிசிறு. முன்பு வழுக்கிச் சுழன்ற தண்டில் கீறலும் மேடும் தோன்றும். அத்தகைய அலகை மீண்டும் பயன்படுத்தாது நீக்கிவிடுதல் நன்று.

நுழைவதெல்லாம் பொருந்துவதன்று

நுழையாத அலகு வேலையைத் தாமதப்படுத்தும். தளர்வாக நுழையும் அலகோ உயிருக்கே ஊறு செய்யும். 6 மில்லிமீற்றர்த் தண்டு கால் அங்குலக் கொலெற்றில் எளிதாகச் சென்றுவிடும். ஆயினும் அது உறுதியாகக் கவ்வப்படாது. நிமிடத்துக்கு 20,000 தடவைக்கு மேலும் சுழலக்கூடிய இக்கருவியிலிருந்து அலகு விடுபட்டால் கண்ணையும் கையையும் தாக்கும். விடுபடாது சிறிது கீழிறங்கினும் படிவெட்டின் ஆழம் மாறி, சட்டங்களுக்கு மேலுள்ள இடைவெளி கெடும். இடைவெளி மிகின் தேனீக்கள் அங்கே வேண்டாத அடை கட்டும்; குறையின் அவை நடமாட இயலாது.

பொருத்தும் முறை

தண்டை அடிவரை செலுத்தி, பின்னர் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வெளியே இழுத்து, நட்டினை ஸ்பனரால் இறுக்குக. தண்டு முழுவதும் அடியில் முட்டி நின்றால் பிடி உறுதிப்படாது. இறுக்கிய பின் அலகைக் கையுறை அணிந்த கையால் இழுத்து, அசையாமையை உறுதிசெய்க. ஸ்பனரை அகற்றி, கண்காப்புக் கண்ணாடி அணிந்த பின்னரே மின்னிணைப்புக் கொடுக்க வேண்டும்.

புதிய அலகு வாங்கச் செல்லும் கமக்காரர் கொலெற்றையும் கையோடு கொண்டுசென்று, கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குதல் பணத்துக்கும் பாதுகாப்புக்கும் நன்று.