அசைவத்தை விடலாமா? முடிவுக்கு முன் மூன்று கேள்விகள்

 

கந்த சஷ்டி விரதம் முடிந்ததும் தம்பி, தங்கைகள் பலர் கேட்பது இதுதான்: "ஆறு நாள் இருந்துட்டேன். இனிமே அசைவமே வேண்டாம்னு விட்டுடலாமா?" நானும் இதே கேள்வியோடு ரொம்ப நாள் இருந்தவன். எனக்கு உதவிய மூன்று கேள்விகளைச் சொல்றேன்.

1. பயமா, அன்பா?

கறி சாப்பிட்டா முருகன் தண்டிப்பான்னு பயப்பட வேண்டாம். கிடாயின் குருதி கலந்த அரிசியைப் படைத்து அவனை வழிபட்டதைத் திருமுருகாற்றுப்படையே சொல்கிறது. வள்ளியம்மை வளர்ந்ததும் வேடர் குடியில்தான். ஆனால் புலால் மறுத்தலுக்கு வள்ளுவர் ஒரு அதிகாரமே வைத்தார். அவர் முன்வைக்கும் காரணம் அருள். கந்தகோட்டத்து முருகனைப் பாடிய வள்ளலாரும் ஜீவகாருண்யத்தையே வழியாகக் காட்டினார். பயத்தில் விட்டது, பயம் போனதும் திரும்பி வந்துடும். இரக்கத்தில் விட்டது நிற்கும்.

2. வீட்டில் யார் சமைக்கிறாங்க?

எங்க வீட்டில் ஞாயிறு என்றால் மீன் குழம்பு. நான் வேண்டாம்னதும் அம்மா முகம் வாடிப்போச்சு. "உங்க கைப்பக்குவத்தை விடலம்மா, மீனை மட்டும்தான் விடறேன். எனக்கு ரசமும் பொரியலும் நானே வச்சுக்கறேன்"னு சொன்னேன். இன்னிக்கும் ஞாயிறு ரசம் என் பொறுப்பு. அப்பா மீன் சாப்பிடும்போது நாம முகம் சுளிச்சா, அங்கே கறி போய் ஆணவம் வந்து உட்கார்ந்துடும்.

3. உடம்பு தாங்குமா?

வெறும் சாதமும் உருளைக்கிழங்கும் போதாது. பருப்பு, சுண்டல், நிலக்கடலை தினமும் வேணும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நல்லா சேரும். சாப்பிட்ட உடனே டீ வேண்டாம். பி12 சத்து காய்கறியில் கிடைக்காது, அதனால் பால், தயிரை விடாதீங்க. ரத்தசோகை இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்க.

மூன்றுக்கும் பதில் கிடைச்ச பிறகும் சன்னதியில் அவசரமா சத்தியம் பண்ணாதீங்க. செவ்வாய், கிருத்திகை, சஷ்டின்னு ஆரம்பிங்க. பிறகு ஒரு மண்டலம், 48 நாள் இருந்து பாருங்க. நான் அப்படித்தான் இருந்தேன். 49-ஆம் நாள் திரும்பணும்னு தோணல. உங்களுக்குத் தோணினாலும் விரத நாட்களை விடாமப் பிடிச்சுக்கோங்க. அவன் யாரையும் தள்ளிவிடுறவன் இல்லை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!